வீட்டில் பைத்தான் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தான் என்ற மலைப்பாம்பை வாங்கப் போகிறவர்களும், வாங்கிய பிறகு “சாப்பிடவே மாட்டேன் என்கிறதே” என்று முழிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. வீடுகளில் அதிகம் வளர்க்கப்படுவது பால் (ball, அதாவது பந்து) பைத்தான். ராயல் பைத்தான் என்றும் சொல்வார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பதில்கள் பெரும்பாலும் அதை மனதில் வைத்து எழுதியவை. கேள்வி எங்கே ஆரம்பித்தாலும் முக்கால்வாசி நேரம் கூண்டின் சூடு, ஈரம், மறைவிடம் என்ற மூன்றில்தான் போய் முடியும். அதனால் கூண்டு பற்றி இங்கே கொஞ்சம் நீளமாகவே வரும்.

சட்டப்படி வளர்க்கலாமா?

நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் உரிமம் வேண்டும், சில இடங்களில் உள்நாட்டுப் பாம்பைத் தொடவே கூடாது, சில இடங்களில் எந்த மலைப்பாம்புக்கும் அனுமதி இல்லை. வாங்குவதற்கு முன்பே உங்கள் வனத்துறையிடமோ அதற்குச் சமமான அலுவலகத்திடமோ கேட்டுவிடுங்கள். பைத்தான் இனங்கள் எல்லாமே, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கின்றன. எல்லை தாண்டி வந்த பாம்பு என்றால் அதற்குக் காகிதம் இருந்தாக வேண்டும். காகிதம் கேட்டால் பேச்சை மாற்றும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: கூண்டில் பிறந்ததா, காட்டிலிருந்து பிடித்ததா? பிடித்து வந்த பாம்பு பெரும்பாலும் ஒட்டுண்ணியோடு வரும், மிரளும், தீனியைத் தொடாது. விலை குறைவு என்று அதை எடுத்தால் மிச்சம் பிடித்த பணம் மருத்துவரிடம் போகும்.

முதல் முறை வளர்ப்பவருக்கு எந்த வகை சரி?

பால் பைத்தான். ஆண் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் முன்பின், பெண் ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர். ஒரே ஆள் தூக்கலாம், குணமும் சாது. பயந்தால் சீறிப் பாயாமல் தலையை நடுவில் ஒளித்துச் சுருண்டுகொள்ளும். ஆஸ்திரேலியாவின் சில்ட்ரன்ஸ் பைத்தான் இதைவிடச் சிறியது, சாப்பாட்டில் அடம் குறைவு. கார்ப்பெட் பைத்தான் அழகு, ஆனால் சுறுசுறுப்பு அதிகம், இடமும் அதிகம் கேட்கும். பச்சை மரப் பைத்தானைப் பார்த்து ரசிக்கலாம். கையில் எடுத்துக் கொஞ்ச ஏற்றதல்ல.

பர்மியப் பைத்தானும் ரெட்டிக்குலேட்டட் பைத்தானும் குட்டியாக இருக்கும்போது யாரையும் மயக்கும். ரெட்டிக்குலேட்டட் 6 மீட்டரைத் தாண்டக்கூடியது. பெரிய பைத்தான்கள் வளர்த்தவரையே கொன்ற சம்பவங்கள் உண்டு. அவற்றை ஒருவர் தனியாகக் கையாளவே கூடாது. புதிதாக வளர்ப்பவர் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து.

நிற வகைகளை மார்ஃப் என்பார்கள். பிடித்ததை எடுங்கள், ஸ்பைடர் மார்ஃப் மட்டும் வேண்டாம். அந்த மரபணுவோடு உள்காதுக் கோளாறும் சேர்ந்தே வருகிறது. தலை ஆடும், இரையைக் குறி வைக்கத் தடுமாறும். அழகுக்காக அதை வாங்கும்வரை அதை உண்டாக்குவதும் நிற்காது.

எத்தனை வருடம் உயிரோடு இருக்கும்?

நல்ல பராமரிப்பில் 20 முதல் 30 வருடம் சாதாரணம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்தில் 60 வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான் 2020-ல் முட்டையிட்டது. அதுவும் 15 வருடத்துக்கு மேல் ஆண் துணை இல்லாமல்! பத்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்குகிறவர்கள், பிள்ளை படிக்க வெளியூர் போன பிறகு யார் பார்ப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கூண்டு எவ்வளவு பெரியது வேண்டும்?

வளர்ந்த பால் பைத்தானுக்கு 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம் என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். உடம்பை முழுதாக நீட்டிப் படுக்க முடிய வேண்டும் என்பதுதான் கணக்கு.

“பெரிய கூண்டில் விட்டால் பயந்து சாப்பிடாது, சின்ன டப்பாதான் சரி” என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. பாம்பு பயப்படுவது வெட்டவெளியைப் பார்த்து. பெரிய கூண்டில் ஒரே ஒரு தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து மீதியைக் காலியாக விட்டால் குட்டி மிரளத்தான் செய்யும். அதே கூண்டை மரப்பட்டை, பிளாஸ்டிக் இலைகள், கிளைகள் கொண்டு அடைத்தாற்போல் வைத்தால் குட்டிகூடத் தயங்காமல் உலாவும். கிளை எதற்கு, தரையில் வாழும் பாம்புதானே என்பார்கள். ராத்திரி விளக்கணைந்த பிறகு வந்து பாருங்கள், கிளை மேல்தான் இருக்கும்.

கண்ணாடித் தொட்டியைவிட, முன்பக்கம் திறக்கும் பிவிசி அல்லது மரக் கூண்டு நல்லது. ஒன்று, கண்ணாடித் தொட்டியின் வலை மூடி வழியாக ஈரமும் சூடும் ஓடிவிடும். இரண்டு, மேலிருந்து இறங்கும் கையைப் பாம்பு பருந்தாகத்தான் நினைக்கும். பக்கவாட்டில் வரும் கைக்கு அவ்வளவு திடுக்கிடாது.

பூட்டு கட்டாயம். பாம்புக்கு வேறு வேலை இல்லை. ஒவ்வொரு இடுக்கையும் மூக்கால் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

மறைவிடம் ஒன்று போதாதா?

போதாது. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தால், சூடு வேண்டுமா பாதுகாப்பு வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் நிலைக்குப் பாம்பு தள்ளப்படும். அது பெரும்பாலும் பாதுகாப்பைத்தான் எடுக்கும். அந்த மறைவிடம் குளிர்ந்த பக்கத்தில் இருந்தால் செரிமானம் போச்சு.

மறைவிடம் இறுக்கமாக இருக்க வேண்டும். சுருண்டு உட்கார்ந்தால் உடம்பு சுவரிலும் கூரையிலும் உரச வேண்டும், வாசல் ஒன்றுதான் இருக்க வேண்டும். கடைகளில் விற்கும் அரைவட்ட மரப்பட்டை இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும். பாம்பின் கணக்கில் அது மறைவிடமே அல்ல.

சூடு எவ்வளவு, எப்படி?

சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. இரவில் கொஞ்சம் இறங்கலாம், 24-க்குக் கீழே போக வேண்டாம். பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்காது, இடம் மாறி மாறித்தான் சரிசெய்துகொள்ளும். கூண்டு முழுக்க ஒரே 30 டிகிரி என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பாம்புக்கு ஏறவும் வழி இல்லை, இறங்கவும் வழி இல்லை.

பகலில் ஹாலோஜன் பல்பு நல்ல தேர்வு. இரவிலும் சூடு தேவைப்படும் வீடுகளில் வெளிச்சம் தராத செராமிக் எமிட்டர் அல்லது சூட்டுப் பேனல். கூண்டுக்குள் தொங்கும் எதற்கும் கம்பிவலைக் காப்பு போடுங்கள். பாம்பு பல்பைச் சுற்றிக்கொண்டு, தோல் வெந்தும் விலகாமல் இருக்கும். சூடு கக்கும் செயற்கைக் கல் ஒன்று விற்பார்கள். அது வேண்டவே வேண்டாம், வயிற்றுப் புண்ணுக்கு அதுதான் நேர்வழி.

எந்தச் சூட்டுக் கருவியும், சூட்டைத் தானாகவே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடக் கூடாது. இதில் பேரமே இல்லை. பல்புக்கு மங்கலாக்கும் வகைத் தெர்மோஸ்டாட் வேண்டும். அணைத்து அணைத்துப் போடும் வகையில் பல்பு சீக்கிரம் போய்விடும். உணர்முனையைச் சூடான பக்கத்தில், பாம்பு படுக்கும் மட்டத்தில் பொருத்துங்கள். சும்மா தரையில் போட்டுவிட்டால் ஒருநாள் பாம்பு அதைத் தள்ளித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிடும். கூண்டு குளிர்ந்துவிட்டதாக நினைத்துக் கருவி முழு வேகத்தில் சூடேற்றும். இப்படி வெந்து செத்த பாம்புகள் உண்டு.

கூண்டோடு ஒட்டி வரும் வட்டமான முள் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். இரண்டு முனைக்கும் தனித்தனி டிஜிட்டல் மானி வையுங்கள். தரைச் சூட்டைப் பார்க்க இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈரப்பதம்? தரையில் என்ன பரப்புவது?

60 முதல் 80 சதவீதம். தேங்காய் நார்த்தூளும் நார்த்துண்டும் கலந்து 7, 8 செ.மீ. ஆழத்துக்குப் பரப்பினால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். நாள் முழுக்கத் தண்ணீர் தெளிப்பதைவிட, வாரம் ஒருமுறை மூலைகளில் தண்ணீர் ஊற்றி விடுங்கள். அடிப்பகுதி ஈரமாகவும் மேற்பரப்பு காய்ந்தும் இருக்க வேண்டும். மேலே சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதில்கள் புண்ணாகும்.

சீடர், பைன் மரச்சீவல் கூடாது. அவற்றின் வாசனை எண்ணெய் நுரையீரலைப் பதம் பார்க்கும். செய்தித்தாள் தனிமைப்படுத்தும் காலத்துக்குச் சரி, நிரந்தரத்துக்கு ஈரம் நிற்காது.

விளக்கு வேண்டுமா?

12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. குறைந்த அளவு யுவிபி (புறஊதாக் கதிர்) விளக்கு இல்லாமலும் பால் பைத்தான் வாழும், இருந்தால் நல்லது. இரவுக்குச் சிவப்பு பல்பு வேண்டாம்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். கூண்டு அதற்கு முன்பே தயாராகி, சில நாள் சூடும் ஈரமும் நிலையாக ஓடிப் பார்த்திருக்க வேண்டும். பாம்பை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். ஒரு வாரம் கையில் எடுப்பது, படம் பிடிப்பது, நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது எதுவும் வேண்டாம். தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். ஏழெட்டு நாள் கழித்து முதல் தீனி. அது இரண்டு, மூன்று முறை ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு கையில் எடுக்க ஆரம்பிக்கலாம்.

என்ன சாப்பாடு, எவ்வளவு, எப்போது?

முழு எலி. கோழித்துண்டு, முட்டை, கடை இறைச்சி எதுவும் ஈடாகாது, ஏனென்றால் எலும்பும் ஈரலும் சேர்ந்ததுதான் சத்து. எலியின் தடிமன் பாம்பின் உடம்பில் மிகத் தடித்த இடத்தின் அளவு இருக்கலாம், தாண்டக் கூடாது. குட்டிக்கு வாரம் ஒருமுறை, உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம். அரைக் கிலோ தாண்டிய பிறகு இடைவெளியை இரண்டு, மூன்று வாரமாக நீட்டுங்கள், எலியின் பங்கையும் குறையுங்கள். நன்றாக வளர்ந்ததற்கு 5 சதவீதம் அளவில் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்று போதும். கேட்கிறவர்கள் “பாவம், மாதத்துக்கு ஒரு வேளையா?” என்பார்கள். வீட்டுப் பைத்தான்களில் பட்டினி கிடப்பதைவிடக் கொழுத்துப் போனவைதான் அதிகம் கண்ணில் படுகின்றன.

உறைந்த எலியை முதல்நாள் இரவே ஃபிரீசரிலிருந்து எடுத்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். கொடுக்கும் முன் பையோடு வெந்நீரில் போடுங்கள். உயிருள்ள எலியின் சூட்டுக்கு, அதாவது 37, 38 டிகிரிக்கு வர வேண்டும். வயிற்றை அழுத்திப் பாருங்கள். உள்ளே கட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் உருகவில்லை. மைக்ரோவேவ் கூடாது, எலி வெடிக்கும், ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் உறைந்திருக்கும். தலையை மட்டும் கடைசியாக ஒரு நிமிடம் கூடுதலாகச் சூடாக்குவது ஒரு நல்ல உத்தி. பைத்தானின் உதட்டுச் செதில்களில் வரிசையாகக் குழிகள் இருக்கும். அவை சூட்டை உணரும் உறுப்புகள். தலை சூடாக இருந்தால் பாம்பு தலைப்பக்கமே குறி வைக்கும், விழுங்குவதும் சுலபம்.

நீளமான இடுக்கியால் பிடித்து, மறைவிட வாசலில் லேசாக அசையுங்கள். முகத்தில் இடிக்க வேண்டாம். நாக்கு வேகமாக வெளியே வந்து போகும், கழுத்து மெல்ல வளைந்து பின்வாங்கும், அப்புறம் சட்டென்று பாயும். சுற்றி இறுக்கியதும் விட்டுவிட்டு விலகி நில்லுங்கள். விழுங்கிய பிறகு குறைந்தது 48 மணி நேரம் தூக்கக் கூடாது, தூக்கினால் கக்கிவிடும்.

உயிருள்ள எலி கொடுத்தால் என்ன?

எலிக்கும் பல் இருக்கிறது. பசியில்லாத பாம்போடு ஒரு எலியை இரவு முழுக்க விட்டு, காலையில் முதுகெலும்பு தெரியக் கடிபட்ட பாம்பை மருத்துவரிடம் தூக்கி ஓடியவர்கள் உண்டு. உறைந்ததற்குப் பழக்குவது கொஞ்சம் பொறுமையான வேலை, ஆனால் பெரும்பாலானவை பழகிவிடும்.

சாப்பிட மறுக்கிறது. என்ன செய்வது?

முதலில் தராசை எடுங்கள். பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கக்கூடியது. குறிப்பாக வளர்ந்த ஆண்கள், இனப்பெருக்கப் பருவத்தில் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எடை குறையாமல் சுறுசுறுப்பாக இருந்தால் கவலை இல்லை. எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது, முதுகெலும்பு முகடாகத் தெரிகிறது என்றால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். குட்டிக்கு இவ்வளவு அவகாசம் கிடையாது, சீக்கிரமே காட்டுங்கள்.

அதற்கு முன் கூண்டைச் சோதியுங்கள். சூடான பக்கம் உண்மையிலேயே 31 இருக்கிறதா? மறைவிடம் இறுக்கமா? கூண்டுக்கு எதிரே தொலைக்காட்சியோ, கண்ணாடியில் பாதம் வைத்து எட்டிப் பார்க்கும் பூனையோ இருக்கிறதா? கண் மங்கலாகி இருக்கிறதா? சட்டை உரிக்கும் நேரத்தில் பல பாம்புகள் சாப்பிடாது. எலி போதுமான சூட்டோடு கொடுக்கப்பட்டதா? இவை எல்லாம் சரி என்றால் இருட்டிய பிறகு கொடுத்துப் பாருங்கள்.

பெரும்பாலானவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. இன்று மறுத்தால் நாளைக்கு, நாளை மறுத்தால் நாளை மறுநாள், இடையில் கையில் எடுத்து “ஏன்டா சாப்பிட மாட்டேங்குற” என்று விசாரணை வேறு. மறுத்தால் 10 நாளாவது சும்மா விடுங்கள். வாயைத் திறந்து திணிப்பது மருத்துவர் செய்யும் வேலை, நீங்கள் முயலாதீர்கள்.

கடிக்குமா?

வாய் இருக்கிற எதுவும் கடிக்கும். பைத்தானுக்கு விஷம் இல்லை. பயத்தில் கடித்தால் கொத்திவிட்டு உடனே விட்டுவிடும், ஊசிமுனைக் கீறல்கள் இருக்கும். சோப்பு போட்டுக் கழுவினால் பெரும்பாலும் போதும். உங்கள் கையை இரையென்று நினைத்துக் கடித்தால்தான் விடாமல் சுற்றும். அப்போது கையை இழுக்காதீர்கள், பற்கள் உள்நோக்கி வளைந்தவை, சதை கிழியும். குளிர்ந்த தண்ணீரில் காட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, கூண்டைத் திறந்ததும் கொக்கியாலோ காகிதச் சுருளாலோ உடம்பில் மெல்லத் தொடுங்கள். இது சாப்பாட்டு நேரம் இல்லை என்று சில வாரங்களில் புரிந்துகொள்ளும். எலியைத் தொட்ட கையோடு பாம்பிடம் போகாதீர்கள்.

எடுக்கும்போது நடு உடம்பில் ஒரு கை, வால் பக்கம் ஒரு கை. தலையைப் பிடிக்க வேண்டாம். 10, 15 நிமிடம் போதும்.

என்னை அடையாளம் தெரிந்துகொள்ளுமா? படுக்கையில் பக்கத்தில் நீட்டிப் படுத்து என்னை அளவெடுக்கும் என்கிறார்களே?

அளவெடுப்பது கட்டுக்கதை. பதுங்கியிருந்து பாயும் பிராணி டேப் பிடித்து அளந்துவிட்டுச் சாப்பிடாது. நீட்டிப் படுப்பது உங்கள் உடம்புச் சூட்டுக்காக இருக்கலாம். ஆனாலும் பாம்போடு தூங்காதீர்கள். அது நசுங்கும், அல்லது காணாமல் போகும்.

உங்கள் வாசனைக்குப் பழகும், உங்கள் கையில் பதற்றமில்லாமல் இருக்கும். அதற்கு மேல் பாசம் எதிர்பார்ப்பவர்களுக்கு நாய்தான் சரி.

சட்டை எப்படி உரிக்கும்? நான் உதவ வேண்டுமா?

முதலில் நிறம் மங்கும், வயிறு இளஞ்சிவப்பாகும், கண் நீலச்சாம்பல் பூக்கும். சில நாளில் கண் மறுபடி தெளிவாகும்; அதைப் பார்த்துவிட்டுப் பலர் “முடிந்துவிட்டது” என்று நினைப்பார்கள், ஆனால் உரிப்பது அதற்கும் சில நாள் கழித்துத்தான். மூக்கை மரப்பட்டையில் தேய்த்து உதட்டோரம் கிழித்து, காலுறையைக் கழற்றுகிற மாதிரி உள்பக்கம் வெளியாகத் திரும்பிக்கொண்டே வரும். ஒரே துண்டாக, வால்நுனி வரை வந்தால் ஈரப்பதம் சரி. கிடைத்த சட்டையின் தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: கண் இருந்த இடத்தில் இரண்டு சின்னக் கிண்ணங்கள் போன்ற கண்ணாடிச் செதில்கள் இருக்க வேண்டும். ஓட்டையாக இருந்தால் அது கண் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தாலோ இடுக்கியாலோ நோண்டாதீர்கள். ஈரப்பதத்தை ஏற்றி அடுத்த உரிப்பு வரை விடுங்கள், அப்போதும் போகாவிட்டால் மருத்துவர்.

துண்டு துண்டாக உரிந்தால், ஈரப் பாசி வைத்த மூடிய டப்பாவில் ஒரு ஓட்டை போட்டுக் கூண்டுக்குள் வையுங்கள். மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

மூக்கில் குமிழி, மூச்சில் கிளிக் சத்தம் அல்லது விசில், வாயைத் திறந்தபடி தலையை மேலே தூக்கி வைத்திருப்பது: நுரையீரல் தொற்று. இதற்குக் கைவைத்தியம் கிடையாது. கக்குவது ஒருமுறை என்றால் இரண்டு வாரம் தீனி நிறுத்திச் சூட்டைச் சரிபாருங்கள், திரும்ப நடந்தால் காட்டுங்கள். தலைகீழாகத் திரும்பிவிட்டு நிமிர முடியாமல் தவிப்பது நரம்புக் கோளாறின் அறிகுறி.

நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிக் கிடந்தால், ஒன்று கூண்டு மிகச் சூடு, அல்லது மைட் என்ற நுண்பூச்சி. வெள்ளைக் காகிதத்தால் உடம்பைத் துடையுங்கள். நகரும் கறுப்புப் புள்ளிகள் ஒட்டினால் அதுதான். கூண்டையும் பாம்பையும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும். எச்சத்தோடு வரும் வெள்ளைக் கட்டி யூரிக் அமிலக் கழிவு, பயப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். பரவாயில்லையா?

ஊர்வனவற்றிடம் சால்மொனெல்லா இருக்கலாம், பாம்பு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுவது எல்லோருக்கும் பொது. கூண்டுச் சாமான்களைச் சமையல் தொட்டியில் கழுவக் கூடாது. 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள், முதியோர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் உள்ள வீட்டில் பாம்பு வளர்க்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

ஒரே கூண்டில் இரண்டு வளர்க்கலாமா?

கூடாது. இரண்டும் ஒட்டிப் படுத்திருப்பது நட்பல்ல, நல்ல இடத்துக்கான போட்டி. இரண்டாவது பாம்பு வாங்கினால் வேறு அறையில் மூன்று மாதம் தனியாக வைத்துவிட்டுத்தான் பக்கத்திலேயே கொண்டு வர வேண்டும்.

தப்பித்துவிட்டது. எங்கே தேடுவது?

கூண்டிருந்த அறையிலேயே ஆரம்பியுங்கள். கதவிடுக்கில் துணியை அடைத்துவிட்டு ஃபிரிட்ஜின் பின்புறம், புத்தக அலமாரிக்குப் பின்னால், சோபாவின் அடித்துணிக்குள், சலவைத் துணிக் குவியல் என்று சூடும் இருட்டும் சேர்ந்த இடங்களைப் பாருங்கள். சுவரோரமாக மாவு தூவி வைத்தால் இரவில் போன தடம் தெரியும். பிளாஸ்டிக் பையைக் கசக்கித் தரையோரம் போட்டால் சத்தம் கேட்கும். சோபாவைத் தேடி முடிக்கும் வரை யாரையும் அதில் உட்கார விடாதீர்கள்.

இனி வளர்க்க முடியாது. காட்டில் விட்டுவிடலாமா?

எக்காரணத்துக்கும் கூடாது. வளர்ப்புப் பிராணியாக வந்த பர்மியப் பைத்தான்கள் வெளியே போய்ப் பெருகியதில், அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பாலூட்டிகள் பல இடங்களில் கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டன. 2012-ல் அமெரிக்கா அந்த இனத்தின் இறக்குமதியையே தடை செய்தது. விற்றவரிடமோ, ஊர்வன மீட்புக் குழுவிடமோ, வனத்துறையிடமோ ஒப்படையுங்கள்.

ஒரு வாரம் ஊரில் இல்லை என்றால் யார் பார்ப்பது?

இந்த விஷயத்தில் பைத்தான் மாதிரி வசதியான பிராணி குறைவு. கிளம்புவதற்கு நான்கைந்து நாள் முன்பே தீனி கொடுத்துவிடுங்கள். பார்த்துக்கொள்கிறவரிடம் எலி கொடுக்கும் வேலையை ஒப்படைக்காதீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து தண்ணீர் மாற்றி, இரண்டு மானியின் எண்ணையும் படம் பிடித்து அனுப்பினால் போதும். மின்சாரம் நீண்ட நேரம் போனால் கூண்டைப் போர்வையால் மூடி, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை உள்ளே ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். மருத்துவரின் எண்ணைக் கூண்டின் மேலேயே ஒட்டிவிட்டுப் போங்கள். கதவைச் சாத்திய பிறகு பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கவும் சொல்லுங்கள்.